அம்மை மறைக்கும் காசம்

தட்டம்மை கண்ட குழந்தையின் மேனியிற் செம்புள்ளிகள் ஆறியவுடன், தலைக்குத் தண்ணீர் விட்டு, "அம்மை இறங்கிவிட்டது" என வீட்டார் ஆறுதல் அடைவர். அவ்வாறுதல் முழுதும் தக்கதன்று என்பதே யாம் ஈண்டுக் கூறப் புகுவது.

காசக் கிருமி உடலிற் புகுந்ததோ என்றறிய, அக்கிருமியினின்று எடுத்த டியூபர்குலினைத் தோலில் இட்டுப் பார்ப்பர். புகுந்திருப்பின் அவ்விடம் தடிக்கும். வியன்னா நகரத்து மருத்துவர் பிர்க்கே 1907-ஆம் ஆண்டில் இச்சோதனையை வெளியிட்டார். மறு ஆண்டில் அவர் ஒரு புதுமையை எடுத்துரைத்தார்: முன்னர்த் தடிப்புக் காட்டிய குழந்தைகள் தட்டம்மை கண்ட நாட்களில் அதனைக் காட்டவில்லை. கிருமி நீங்கிற்றோ? இல்லை, உடலின் காவலே சோர்ந்து கிடந்தது. காவலன் உறங்கும்போது கூக்குரல் எழாமை, கள்வன் இன்மைக்குச் சான்றாகுமோ?

வளர்ந்தோரிற் பலர் இக்கிருமியை அடக்கி வாழ்வர். இளங்குழவியரிடத்தோ அது விரைந்து பரவி மூளையுறையையும் தாக்க வல்லது. பிறந்தவுடன் இடும் பி.சி.ஜி. ஊசி இத்தீங்கைப் பெரிதும் தடுப்பினும் முற்றத் தடுப்பதன்று.

ஆதலின், காசநோயாளர் உள்ள வீட்டில் அம்மை கண்ட குழந்தை மெலிந்து இருமுமாயின், "சோதனையில் ஒன்றுமில்லை" என்னும் ஒரு சொல்லோடு அமைதல் தகாது. மருத்துவர் பார்வையிலேயே வைத்து, நான்கு வாரமேனும் சென்றபின் மறுமுறையும் சோதித்தல் வேண்டும். அதனினும் நன்று, அம்மையே வாராமற் காத்தல். அதற்குரிய தடுப்பூசியை நம் அரசினர் 1985 முதல் நாடெங்கும் இட்டு வருகின்றனர். கற்ற நாம் இதனை நம் தெருத் தாய்மார்க்கு எடுத்துரையாவிடின், நம் கல்வியாற் பயன் யாது?