உங்கள் நிரையை நீங்களே பிடியுங்கள்



பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு நிரை என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்தில் ஆயிரக்கணக்கில் மரம் நிற்கும். ஆனால் காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுப் போகிறவர் தம் நிரைக்குத்தான் போவார். எந்த மரம் எங்கே சாய்ந்திருக்கிறது என்று விடியாத இருட்டிலும் அவருக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் கடிதம் எழுதுகிறவரும் அப்படி ஒரு நிரை பிடித்துக்கொள்ளலாம். அதைத்தான் இந்த முறை சொல்லப் போகிறேன்.

புக்கிட் பாத்தோக்கில் எங்கள் பெரியப்பா இருக்கிறார். வயது எழுபத்தெட்டு. ஜொகூரில் ஒரு தோட்டத்தில் பிறந்து, பிழைப்புக்காகச் சிங்கப்பூர் வந்தவர். அந்தத் தோட்டத்துச் சனங்கள் இன்று பல ஊர்களில் சிதறியிருந்தாலும், நல்லது கெட்டது என்றால் பெரியப்பாவிடமிருந்து கடிதம் போய்ச் சேரும். கை நடுங்க ஆரம்பித்ததும் பேனாவை வைத்துவிட்டுத் தட்டெழுதப் பழகிக்கொண்டார்.

பழைய கடிதம் ஒன்றைத் திறந்து, பேரை மாற்றி, அச்செடுத்து அனுப்புவது அவர் வழக்கம். போன வருஷம் ஒரு துக்கக் கடிதத்தில் மேலே பேர் மாறியது; மூன்றாம் பத்தியில் மாறவில்லை. தாயை இழந்து நிற்கும் பிள்ளைக்குப் போன கடிதத்தில் வேறொரு அம்மாவின் பேர்! அந்தப் பிள்ளை போன் செய்து, "பரவாயில்லை மாமா" என்றுதான் சொன்னாராம். பெரியப்பாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "இனிமேல் எழுதுவதாயில்லை" என்று கம்ப்யூட்டர் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டார்.

பாலிடெக்னிக்கில் படிக்கும் பேத்திதான் துணியை எடுத்தாள். "தாத்தா, இந்த மெனுவில எத்தனை வரி இருக்குன்னு பாருங்க. உங்களுக்கு வேணுங்கிறது அஞ்சுதான். அந்த அஞ்சை மட்டும் தனியா எடுத்து வைப்போம்" என்றாள்.

மெனு என்பது கட்டளைகளின் பட்டியல். உலகத்தில் யார் யாருக்கோ தேவைப்படும் என்று எண்ணி எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நமக்கென்று ஒரு மெனு செய்துகொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். ஈமாக்ஸ், விம் போன்ற எழுதுகருவிகளில் கம்ப்யூட்டர்க்காரர்கள் ஓரிரு வரிக் கட்டளை எழுதிச் செய்கிறார்கள். பெரியப்பா வைத்திருப்பதோ லிப்ரே ஆபிஸ் ரைட்டர். 2010-இல் ஓப்பன் ஆபிசிலிருந்து பிரிந்து வந்த இலவசச் செயலி. இதில் கட்டளை எழுதவே வேண்டாம்.

முதலில் கடித மாதிரி. பேத்தி துக்கக் கடிதத்தை ஒருமுறை தட்டெழுதி, பேர் வரவேண்டிய இடத்திலெல்லாம் 'நிரப்பு' என்ற சொல்லை வைத்தாள். கடிதம் முழுவதையும் தேர்ந்தெடுத்து, 'டூல்ஸ்' மெனுவில் 'ஆட்டோடெக்ஸ்ட்' என்பதைத் திறந்து, 'துக்கம்' என்று பேரிட்டுச் சேமித்தாள். கல்யாண வாழ்த்துக்கும் அப்படியே.

அடுத்தது மெனு. அதே 'டூல்ஸ்' மெனுவில் 'கஸ்டமைஸ்' என்று இருக்கும். அதைத் திறந்து 'மெனுஸ்' பக்கத்துக்குப் போனால், வலப்புறம் மூன்று கோடு போட்ட சின்னப் பொத்தான் தெரியும். அதில் 'ஆட்' என்பதை அழுத்தி, 'நம்ம வேலை' என்று மெனுவுக்குப் பேர் வைத்தாள். இடப்புறப் பட்டியலில் வேண்டிய கட்டளையைத் தொட்டு, நடுவிலுள்ள அம்புக்குறியை அழுத்தினால் அது நம் மெனுவுக்கு வந்துவிடும். 'மாடிஃபை' பொத்தானில் 'ரீநேம்' என்பதைப் பிடித்தால் தமிழ்ப் பேரும் கொடுக்கலாம்.

கடித மாதிரி, தேதி போடு, எழுத்தைப் பெரிதாக்கு, சொல்லைத் தேடு, அச்செடு. ஐந்தே வரி! எழுதி முடித்ததும் பெரியப்பா 'சொல்லைத் தேடு' என்பதைத் திறந்து 'நிரப்பு' என்று தேடுவார். ஒன்று கிடைத்தாலும் கடிதம் முடியவில்லை என்று அர்த்தம். ஒன்றும் கிடைக்காவிட்டால்தான் அச்செடுப்பார். மாதிரியில் பழைய பேரே இல்லாததால், இன்னொருவர் பேர் ஒட்டிக்கொண்டு போகவும் வழியில்லை.

மெனுவுக்குத் தமிழில் பேர் வைப்பது இன்று நமக்குச் சாதாரணம். முன்பு அப்படியா இருந்தது? ஒவ்வொரு எழுத்துருவும் தன் இஷ்டத்துக்கு எண் வைத்திருந்த காலத்தில், கடிதத்தில் தமிழ் தெரியும். மெனுவில் வைத்தால் கிறுக்கலாகத்தான் வரும். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி கணியன் முறையை உருவாக்கினார், 1997-இல் இங்கே நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்கு முன்நின்று உழைத்தார், 1999-இல் காலமானார். எல்லா மொழிக்கும் பொது எண் தரும் யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம் பெற்றது. ஆனாலும் விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் அந்த வகைக் கம்ப்யூட்டர்கள் அதை ஏற்றன. 'நம்ம வேலை' என்ற இரண்டு சொல்லுக்குப் பின்னால் இத்தனை பேர் உழைப்பு இருக்கிறது.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இப்படிச் செய்த மெனு அந்தக் கம்ப்யூட்டரோடுதான் இருக்கும். வேறொன்றில் மறுபடி செய்ய வேண்டும். பிடிக்காவிட்டால் அதே மூன்று கோட்டுப் பொத்தானில் 'டிலீட்' செய்துவிடலாம். பழைய மெனுக்கள் அப்படியே இருக்கும். ஆகவே பயப்பட வேண்டாம்.

சென்ற மாதம் பெரியப்பா மீண்டும் எழுதினார். யாருக்குத் தெரியுமா? "பரவாயில்லை மாமா" என்று சொன்ன அதே பிள்ளைக்கு. அவர் அம்மாவின் பேர் மூன்று இடத்திலும் சரியாக இருந்தது. மன்னிப்பு வரிகளை மட்டும் மாதிரியிலிருந்து எடுக்கவில்லை. நடுங்கும் விரலால் தாமே தட்டினார்.

உங்கள் வீட்டிலும் துணி போட்டு மூடிய கம்ப்யூட்டரும், எழுத ஆசைப்படும் பெரியவரும் இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்கு வேண்டிய அஞ்சு எது?" என்று கேளுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.