சலரோகமும் எலும்பின் சேமிப்பும்



"உடம்பெல்லாம் உளையுது, பார்மசியில கல்சியம் குளிசையும் நோவுக் குளிசையும் வாங்கிப் போடுறன்" என்று சொல்லும் பெண்கள் நம்மிடையே பலர். அவர்களில் சலரோகம் உள்ளவர்கள் இந்த மாதப் பக்கத்தைச் சற்று நிதானமாக வாசிக்க வேண்டும்.

நமது உடம்பிலுள்ள கல்சியத்தில் 99 வீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மிகுதிச் சிறு பங்குதான் இரத்தத்தில் ஓடுகிறது. இதயத் துடிப்புக்கும் தசைகளின் அசைவுக்கும் அது வேண்டும். அந்த அளவைச் சரியாக வைத்திருப்பதில் சிறுநீரகத்துக்கு இரண்டு வேலைகள் உண்டு. வடிகட்டிய கல்சியத்தில் 98 வீதமளவை மீண்டும் இரத்தத்துக்கே திருப்பி விடுவது ஒன்று. விற்றமின் டியை உடம்பு பயன்படுத்தக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவது மற்றையது. அந்த விற்றமின் இல்லாவிட்டால் உண்ணும் உணவிலுள்ள கல்சியம் குடலால் போதியளவு உறிஞ்சப்படாது.

இரத்தத்தில் சீனி கூடியிருக்கும்போது சலம் அதிகம் போகும். அதனோடு கல்சியமும் கூடுதலாக வெளியேறும். சிறுநீரகம் பாதிக்கப்படத் தொடங்கினால் அல்புமின் என்ற புரதம் சலத்தில் கசியும். விற்றமின் டியைச் சுமந்து செல்லும் புரதமும் கூடவே போகும். அந்த விற்றமினை மாற்றும் வேலையும் மெல்லக் குறையும். அப்போது கழுத்திலுள்ள பராதைரொயிட் சுரப்பிகள் கூடுதலாகச் சுரந்து, எலும்பிலிருந்து கல்சியத்தை எடுத்து இரத்தத்துக்குக் கொடுக்கும். வருமானம் குறைந்த வீட்டில் தாய் தன் நகையை ஒவ்வொன்றாக அடகு வைத்து அடுப்பெரிப்பது போன்றது இது. வெளியில் ஒரு குறையும் தெரியாது. இரத்தப் பரிசோதனையில் கல்சியம் சரியாகவே காட்டும், ஆனால் எலும்பு மெலிந்துகொண்டிருக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்த இழப்பு இன்னும் கூடும்.

ஆரம்பத்தில் நோவோ வீக்கமோ இராது. கிரியற்றினின் அளவும் சரியாக இருக்கலாம். ஆகவே வருடத்துக்கு ஒரு தடவையாவது சலத்தில் அல்புமின் அளவைப் பார்க்கும்படி கிளினிக்கில் கேளுங்கள். ஒரு கிராம் கிரியற்றினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், 3 மாதங்களுக்குள் மீண்டும் பரிசோதித்து உறுதி செய்வார்கள். இந்தக் கட்டத்தில் கண்டால் பாதிப்பைப் பெரிதும் தாமதிக்கலாம்.

நீங்கள் செய்யக்கூடியவை:

• சீனியையும் பிரசரையும் கட்டுப்பாட்டில் வைத்திருங்கள். தந்த குளிசைகளை இடையில் நிறுத்தாதீர்கள்.

• நோவுக் குளிசைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அவற்றில் பல சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

• கல்சியம், விற்றமின் டி குளிசைகளையும் வைத்தியரைக் கேட்டே எடுங்கள். அளவு மிஞ்சினால் இரத்தக் குழாய்களில் கல்சியம் படியலாம்.

• முருங்கையிலை, முள்ளோடு உண்ணும் நெத்தலி, தயிர், அளவோடு குரக்கன் ஆகியவற்றைச் சேருங்கள். உப்பு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். கருவாட்டைக் குறையுங்கள்.

• கொஞ்ச நேரம் வெயில் படும்படி நடவுங்கள்.

ஒரு நாள் கூலி போய்விடும் என்று கிளினிக் திகதியைத் தள்ளிப் போடும் சகோதரிகளின் நிலை நமக்குத் தெரியும். குடும்பத்தைத் தனியே தாங்குகிறவள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் போவது ஒரு நாள் கூலியல்ல. அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் வைத்தியருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. அடுத்த திகதியை இன்றே கலண்டரில் குறித்து வையுங்கள்.