காட்டுவழித் துணை

சென்னை மாநகரின் மேற்கே பாடி என்னும் ஊர் உள்ளது. தேவாரத்தில் திருவலிதாயம் எனப் போற்றப்பெறும் கோயில் அமைந்த ஊர் அது. பாடி என்னும் சொல்லுக்குப் படை தங்கும் இடம் என்பது ஒரு பொருள். படை தங்கும் இடத்தில் அதன் உணவையும் கூடாரத்தையும் சுமந்துவந்த பொதிவிலங்குகளும் தங்குவது பண்டை வழக்கம். இக்காலப் பாடியில் அவற்றைக் காண்டல் அரிது. அங்கு மேம்பாலத்தின்மீது பேருந்துகளும் சரக்குந்துகளும் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. திருப்பினால் திரும்புவதும் நிறுத்தினால் நிற்பதும் ஊர்தியின் இயல்பு. ஓட்டுவோன் பள்ளத்தை நோக்கித் திருப்பினும் அது மறுப்பதில்லை. இவ்வாறு சொன்னதைச் செய்வதே நம்பத்தக்கது என்று மக்கள் எண்ணிப் பழகிவிட்டனர். இவ்வெண்ணம் முழுதும் சரியானது அன்று. வேண்டும்போது மறுக்கத் தெரிந்த துணையே பெரிதும் நம்பத்தக்கது. இவ்வுண்மையை மனிதனுக்குக் கற்பிக்கவல்ல உயிர் ஒன்று உண்டு. அதுவே கோவேறு கழுதை.

ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. குதிரைக்குக் குரோமோசோம்கள் 64; கழுதைக்கு 62; இதற்கோ 63. இவை இணை இணையாக அமையாமையால் இது குட்டி ஈனுவது மிகமிக அரிது. தாயினிடமிருந்து உடல்வலிமையையும், தந்தையினிடமிருந்து பொறுமையையும் குறுகிய உறுதியான குளம்புகளையும் இது பெற்றுள்ளது. பழந்தமிழர் இதனை அத்திரி என்றும் வேசரி என்றும் வழங்கினர். சிலப்பதிகாரத்தில் மாதவியோடு கடலாடச் சென்ற கோவலன் அத்திரியின்மீதே ஏறிச் செல்கின்றான். புகாரின் பெருவணிகன் மகன் ஏறிச் சென்ற விலங்கு இழிந்தது ஆகுமோ? கோ என்பது அரசன். அரசன் ஏறுதற்குரிய கழுதை என்று பெயரே இதன் சிறப்பினை உணர்த்துகின்றது.

இத்தகைய விலங்கைப் பிடிவாதத்திற்கு உவமை கூறி நகைப்பார் பலர். பிடிவாதம் என்று அவர்கள் கூறுவது யாது என ஆராய்தல் வேண்டும். அச்சம் நேர்ந்தால் குதிரை ஓடும். பரந்த புல்வெளியில் ஓடியே உயிர்காத்த இனம் அது. கழுதையோ கல்லும் மேடும் நிறைந்த வறண்ட நிலத்தில் வாழ்ந்த இனம். அங்கே கண்மூடி ஓடினால் கால் முறியும். ஆதலின் அது நின்று, செவியை நிமிர்த்தி, நோக்கிய பின்னரே அடி எடுத்து வைக்கும். இவ்வியல்பு கோவேறு கழுதைக்கும் வந்துள்ளது. அது நிற்பது அறியாமையால் அன்று, ஆராய்தற்பொருட்டே ஆகும்.

காட்டுவழியில் இவ்வியல்பின் அருமை விளங்கும். கொடைக்கானல் மலையில் மதுரை அமெரிக்கப் பாதிரிமார்கள் 1845-இல் வீடு கட்டினர். வண்டிச்சாலை நிறைவுறும்வரை, மலையடிவாரத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து நடந்தும், டோலியிலும், மட்டக்குதிரையிலுமே மக்கள் மலையேறினர். அம்மலைச் சரிவில் உள்ள வெள்ளகவி என்னும் சிற்றூருக்கு அதன் பின்னரும் நெடுங்காலம் சாலை இல்லை. அரிசியும் பிற பண்டங்களும் பொதிகுதிரைகளின் முதுகிலேயே அங்குச் சென்றன. ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம், காலடியில் மழையில் நனைந்த சருகும் மரவேரும். திருப்பத்திற்கு அப்பால் காட்டுமாடு நிற்பினும் நிற்கும். இத்தகைய வழியில், சருகின்கீழ் மண் அரித்துப் போயிருப்பதை ஏறியிருப்பவன் அறியான், குளம்பு அறியும். காட்டுமாடு நிற்பதை அவன் காணுமுன் விலங்கின் மூக்கும் செவியும் உணரும்.

ஆயினும் அனுபவமில்லாதவன் விலங்கு நின்றவுடன் கோலை ஓங்குவான். அமெரிக்காவில் கொலராடோ ஆறு குடைந்த கிராண்ட் கேன்யன் என்னும் பெரும்பள்ளத்தாக்கில் மக்கள் கோவேறு கழுதைமீது ஏறி இறங்குவது வழக்கம். அவை பாதையின் வெளி ஓரமாகவே நடக்கும். புதியவர்கள் அஞ்சிக் கடிவாளத்தை உட்புறம் இழுப்பர். அகன்ற பொதியுடன் உட்புறமாக நடந்தால் பொதி பாறையில் மோதும். மோதினால் விலங்கு நிலை தடுமாறும். இதனைப் பொதி சுமந்து கற்றமையாலேயே அது ஓரத்தில் நடக்கின்றது. ஏறியிருப்பவன் பேதைமை என்று கருதுவது உண்மையில் விலங்கின் அறிவு.

அவ்வாறாயின் விலங்கு நிற்கும்போதெல்லாம் மனிதன் வாளா இருத்தல் வேண்டுமோ எனின், அன்று. கந்தைத் துணி காற்றில் அசைவதைக் கண்டும் அது நிற்கும். சேணத்தின் வார் அழுத்திப் புண்பட்டாலும் நிற்கும். நீர் வேட்கையாலும் நிற்கும். எக்காரணத்தால் நிற்கின்றது என்பதைப் பழக்கத்தால் அன்றி அறிதல் இயலாது. நாள்தோறும் முதுகைத் தேய்த்துவிட்டு, குளம்பில் சிக்கிய கல்லை அகற்றி, தான் உண்ணுமுன் அதற்கு நீர்காட்டுபவனுக்கே அதன் செவியசைவின் பொருள் விளங்கும். நம்பிக்கை ஒருபுறத்தே மட்டும் வளர்வதன்று. நம் நாட்டுப் படையில் 1962-இல் சேர்ந்த பெடாங்கி என்னும் கோவேறு கழுதை, நெடுங்காலம் பணியாற்றிய படைக் கோவேறு கழுதை எனக் கின்னஸ் நூலில் இடம்பெற்று, 1998-இல் இறந்தது. பேணுவார் இன்றி எவ்விலங்கும் அத்துணைக் காலம் சுமந்திராது.

பேணாமையின் கேட்டினையும் நாடு கண்டுள்ளது. கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத்துக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் மலைவழி. தமிழ்நாட்டிலிருந்து செல்லும் அடியார்களுள்ளும் பலர் அங்கே கோவேறு கழுதைமீது ஏறுகின்றனர். 2022-ஆம் ஆண்டு யாத்திரைக் காலத்தில் அவ்வழியில் பல விலங்குகள் மாண்டன. போதிய ஓய்வின்றி அவற்றை மீண்டும் மீண்டும் ஏற்றியதே பெருங்காரணம் எனப் பலரும் வருந்தினர். களைத்த விலங்கு தன்னால் இயலாது என்று நின்றே கூறும். அதனை அடித்து ஓட்டினால் அதன் சொல்லைக் கேளாதவர் ஆகின்றோம். விலங்கை வதைத்தலும் அளவுக்குமேல் சுமை ஏற்றுதலும் 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பொதிவிலங்கை நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்கு மேலும், இடையே ஓய்வின்றி 5 மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்கலாகாது என்பது 1965-ஆம் ஆண்டு விதி. விதியைக் காப்பது விலங்கின் உடையவனுக்கு மட்டும் உரிய கடமை அன்று. கூலி கொடுத்து ஏறுபவரும் சேணத்தின்கீழ் புண் உளதோ எனப் பார்க்கலாம். அது எப்போது ஓய்வு கொண்டது என வினவலாம். நடக்க வல்லவர் செங்குத்தான இடத்தில் இறங்கி நடக்கலாம். இறைவனைக் காணச் செல்லும் வழியில் ஓர் உயிர்க்கு இரங்குதலும் வழிபாடே ஆகும்.

ஊர்திகள் நிறைந்த பாடியில் வாழும் சிறுவன் கோவேறு கழுதைமீது ஏறும் வாய்ப்பினைப் பெறாமற் போகலாம். எனினும், நில் என்று தடுக்கும் துணை அவனுக்கும் உண்டு. விரைந்து ஓடாதே என்னும் தாயும், இது தகாது என்னும் நண்பனும் அத்தகையோரே. தடுப்பவரெல்லாம் பகைவர் அல்லர். அவர் தடுக்கும் காரணத்தை நின்று கேட்பவன் பள்ளத்தில் வீழான்.