புதிய பிக்கப் வாங்குவதற்கு முன்

மின்கிதார் வாசிக்கும் நண்பர்கள் கூடும் இடங்களில் ஒரு பேச்சு தவறாமல் எழும். ‘ஒலி சரியில்லை, பிக்கப்பை மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன்’ என்று ஒருவர் தொடங்குவார். எந்த நிறுவனத்தின் பிக்கப், எத்தனை சுற்றுக் கம்பி, எந்த வகைக் காந்தம் என்று விவாதம் நள்ளிரவுவரை நீளும். இருக்கும் பிக்கப்பின் உயரத்தை மாற்றிப் பார்த்தீர்களா என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. நானும் ஒரு காலத்தில் கேட்காதவனாகவே இருந்தேன். அதற்கு நான் கொடுத்த விலை ஒரு நல்ல கிதார்.

பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஸ்ட்ராடோகாஸ்டர் வடிவிலான பழைய கிதார் ஒன்று இருந்தது. அதன் ஆறாம் தந்தியில் பன்னிரண்டாம் ஃப்ரெட்டைத் தாண்டினால், ஒரே சுரத்துக்குள் இரண்டு சுருதிகள் உரசிக்கொள்வதுபோல் கேட்கும். எத்தனை முறை சுருதி சேர்த்தாலும் அந்தக் கசப்பு போகவில்லை. பழுது பார்ப்பவர் ஒருவர் கழுத்து வளைந்துவிட்டது என்று தீர்ப்பளித்தார். அதை நம்பி, பாதி விலைக்கு நண்பர் ஒருவரிடம் விற்றுவிட்டேன். ஒரு மாதம் கழித்து அவர் வீட்டில் அதே கிதாரைக் கேட்டபோது எனக்குப் பேச்சு எழவில்லை. அவ்வளவு தெளிவாக ஒலித்தது. என்ன செய்தீர்கள் என்றேன். “பிக்கப்பைக் கொஞ்சம் கீழே இறக்கினேன், அவ்வளவுதான்” என்றார். அதைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நடந்தது இதுதான். பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச் சுருளும். எஃகுத் தந்தி அதன்மேல் அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. அந்த மாற்றம் சுருளில் மின்னோட்டமாகிறது. ஆனால் காந்தம் தந்தியைக் கேட்பதோடு நிற்பதில்லை, இழுக்கவும் செய்கிறது. மிக அருகில் வைத்துவிட்டால் அந்த இழுப்பு தந்தியின் இயல்பான அதிர்வைக் குலைக்கும். சுருதி பிறழும், நாதம் சீக்கிரம் அடங்கும். தடித்த தந்திகளிலும், கழுத்தருகே உள்ள பிக்கப்பிலும், மேல் ஃப்ரெட்டுகளிலும் இந்தக் கோளாறு அதிகம் தெரியும். காந்தத் துருவங்கள் நேராகத் தந்தியை நோக்கி நிற்கும் ஒற்றைச் சுருள் பிக்கப்புகளில் இது மேலும் கூடுதல். காந்தம் அடியில் கிடக்கும் ஹம்பக்கர்களில் குறைவு.

பிக்கப் எந்த இடத்தில் இருக்கிறது என்பது வேறு கதை. குதிரைக்கு அருகில் தந்தியின் வீச்சு சிறிது, மேற்சுரங்கள் ஓங்கும், ஒலி கூர்மையாக இருக்கும். கழுத்தை நோக்கி நகர நகர வீச்சு பெரிதாகி, ஒலி உருண்டு திரளும். 1954-இல் வெளிவந்த ஸ்ட்ராடோகாஸ்டரில் குதிரையருகே உள்ள பிக்கப் சாய்வாகப் பொருத்தப்பட்டது. மெல்லிய தந்திகளின் பக்கம் குதிரைக்கு நெருக்கமாகவும், தடித்த தந்திகளின் பக்கம் சற்று விலகியும் இருக்கும். வலக்கைக்காரர்களுக்கான அந்தக் கிதாரைத் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தார் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். அதனால் அந்தச் சாய்வும் அவருக்கு எதிர்த்திசையில் அமைந்தது. தடித்த தந்திகள் இறுக்கமாகவும், மெல்லியவை சற்றே கனிந்தும் ஒலிக்க அதுவும் ஒரு காரணம். எட்வர்ட் வான் ஹேலனோ, ஹம்பக்கர் ஒன்றைத் தானே கிதாரின் உடலில் நேரடியாகத் திருகி வைத்துக்கொண்டார். தந்திகளின் இடைவெளிக்குத் துருவங்கள் பொருந்தும்படி அதைச் சற்றுச் சாய்த்தும் வைத்தார்.

நம்மில் பெரும்பாலோர் மரத்தைக் குடையப் போவதில்லை. இடத்தைத் தயாரிப்பாளர் தீர்மானித்துவிட்டார். உயரமும் சாய்வும் மட்டும் நம் கையில் விடப்பட்டுள்ளன. பிக்கப்பின் இரு முனைகளிலும் உள்ள திருகுகள் அதற்காகத்தான். வாங்கிய நாள்முதல் அவற்றைத் தொடாமலே ‘இந்தக் கிதாரின் ஒலி இப்படித்தான்’ என்று முடிவு கட்டுவது, தம்பூராவில் ஜீவா நூலை நகர்த்திப் பார்க்காமலே அதற்கு நாதம் இல்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

தயாரிப்பாளர்கள் அளவுகள் தந்திருக்கிறார்களே என்று கேட்கலாம். தந்திருக்கிறார்கள். தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்தி, தந்தியின் அடிப்பகுதியிலிருந்து துருவத்தின் உச்சிவரை அளக்க வேண்டும். பழைய பாணி ஒற்றைச் சுருள் பிக்கப்புகளுக்கு ஃபெண்டர் சொல்லும் அளவு ஆறாம் தந்தியில் ஏறத்தாழ 2.4 மி.மீ., முதல் தந்தியில் 2 மி.மீ. அதே நிறுவனம் தன் வலுவான வேறொரு பிக்கப்புக்கு 3.2, 2.4 மி.மீ. என்கிறது. இந்த அளவுகளை நான் மதிக்கிறேன். தொடங்குவதற்கு அவை நல்ல இடம். ஆனால் அவை யாருடைய கைக்கும் உரியவை அல்ல. என் கை ஓங்கி அடிக்கிறதா, உங்கள் விரல் பூப்போல் தொடுகிறதா என்பது அளவுப் பட்டியலுக்குத் தெரியாது.

ஓங்கி அடித்து வாசிப்பவரின் தந்தி அகலமாக அதிரும். அவர் பிக்கப்பை இறக்கினால் அடியின் முரட்டுத்தனம் அடங்கி, மென்மையும் உரப்பும் தனித்தனியே புலப்படும். விரல் நுனியால் வாசிப்பவர் சற்று ஏற்றிக்கொள்ளலாம்; சன்னமான அசைவும் காதில் விழும். ஹம்பக்கரில் கடுமையான டிஸ்டார்ஷனோடு வாசிப்பவர், குதிரையருகே உள்ளதை நெருக்கி வைத்தால் தாக்கம் கூர்மையாகும். கழுத்தருகே உள்ளது எவருக்குமே சற்றுத் தாழ்ந்திருப்பது நல்லது. இல்லையென்றால் ஒரு பிக்கப்பிலிருந்து மற்றதற்கு மாறும்போது ஒலியளவு எகிறும்.

இளைஞர்கள் பலர் செய்யும் தவறு, எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிடுவது. ஏற்றியதும் சத்தம் கூடுகிறது. கூடிய சத்தத்தைக் காது ‘நல்ல ஒலி’ என்று எடுத்துக்கொள்கிறது. இது ஏமாற்று. சத்தம் வேண்டுமென்றால் ஆம்ப்ளிஃபயரில் அதற்கென்றே ஒரு குமிழ் இருக்கிறது. தந்திக்கும் காந்தத்துக்கும் இடையே உள்ள காற்றுவெளிதான் ஒலிக்கு மூச்சு. அதை இழந்துவிட்டு எந்தக் குமிழைத் திருகியும் திரும்பப் பெற முடியாது. ஆகவே உயரத்தை மாற்றும்போதெல்லாம் ஒலியளவைச் சமப்படுத்திவிட்டே ஒப்பிட வேண்டும் என்பேன்.

திருகு எல்லாக் குறையையும் தீர்க்கும் என்று நான் வாதிடவில்லை. 1950-களில் மூன்றாம் தந்தி கம்பி சுற்றியதாக இருந்தது. அதற்கேற்ப அந்தத் துருவத்தை உயர்த்தி வைத்தார்கள். இன்று பெரும்பாலோர் சுற்றில்லாத மூன்றாம் தந்தியே கட்டுகிறார்கள். பழைய பாணிப் பிக்கப்பில் அந்தத் தந்தி மட்டும் துருத்திக்கொண்டு ஒலிக்கும். துருவம் அசையாதது என்பதால் முழுத் தீர்வு கிடையாது. சுருளின் சுற்றும் காந்தத்தின் வகையும் குணத்தை மாற்றும் என்பதும் உண்மை. மாற்றியே ஆக வேண்டிய பிக்கப்புகள் இருக்கவே செய்கின்றன. ஆனால் அந்த முடிவு கடைசியில் வர வேண்டியது. நாம் அதை முதலில் வைக்கிறோம், ஏனெனில் வாங்குவது எளிது, கேட்பது கடினம்.

இப்போது என்னிடம் உள்ள கிதாரில் பிக்கப்பை ஒரு நேரத்தில் அரைச் சுற்றுக்கு மேல் திருகுவதில்லை. திருகியபின் மீண்டும் சுருதி சேர்த்து, எனக்குப் பழக்கமான ஒன்றைப் பத்து நிமிடம் வாசிக்கிறேன். அளவைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறேன். இரண்டு வாரம் இப்படிச் செய்ததில் கிதாரைவிட என் வலக்கையைப் பற்றித்தான் அதிகம் தெரிந்துகொண்டேன். நான் நினைத்திருந்ததைவிட அது முரட்டுக் கை.

விற்ற கிதார் இன்றும் அந்த நண்பரிடம்தான் இருக்கிறது. அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எடுத்து வாசிக்கிறேன். ஆறாம் தந்தியில் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலே ஒரு முறை போய்விட்டுத்தான் கீழே வைப்பேன். ஒவ்வொரு முறையும் அது சரியாகவே ஒலிக்கிறது.