விதைநெல்லைப் போன்ற மென்பொருள்

நிலம் இழந்த குடும்பம் முதலில் சந்திப்பது படிவங்களையே. 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனிய நகர் நீரில் மூழ்கியது. அபிவிருத்தியால் இடம்பெயர்ந்தாலும் யுத்தத்தால் அல்லது மண்சரிவால் இடம்பெயர்ந்தாலும், நட்டஈட்டு விண்ணப்பமும் காணி அனுமதிப்பத்திரமும் நம்மைத் தேடி வருகின்றன. வாசிக்கத் தெரியாதவர் பிறர் சொல்வதை நம்பிக் கைநாட்டு வைக்கிறார். ஆகவே எழுத்தறிவு எமக்கு வாழ்வுப் பிரச்சினை.

வாசிக்கக் கற்பிக்கும் மென்பொருள்கள் இன்று கைத்தொலைபேசியிலேயே கிடைக்கின்றன. அவற்றுட் பல இலவசம். ஆனால் இலவசம் என்பது மட்டும் போதுமா?

விவசாயிகளாகிய நாம் இதனை எளிதில் விளங்கிக்கொள்வோம். கடையில் வாங்கும் ஒட்டுவிதையை அடுத்த போகத்துக்கு எடுத்துவைத்தால் அதே விளைச்சல் வராது. மறுபடியும் கடைக்கே போகவேண்டும். நம் விதைநெல்லையோ சேமிக்கலாம், அயலவருக்குக் கொடுக்கலாம், மண்ணுக்கேற்பத் தெரிந்தெடுக்கலாம். திறந்த மூல மென்பொருள் இந்த விதைநெல்லைப் போன்றது. அது எழுதப்பட்ட மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும். எவரும் அதைப் பிரதிபண்ணலாம், மாற்றலாம், பகிரலாம்.

யுத்தத்தால் பாடசாலையை இழந்த சிரியச் சிறுவருக்காக நோர்வே அரசு ஒரு போட்டி நடத்தியது. 2017இல் அதில் வெற்றிபெற்றவற்றுள் ஒன்று 'ஃபீட் த மொன்ஸ்டர்'. சிறு பூதமொன்றுக்கு எழுத்துக்களை ஊட்டி அரபு வாசிக்கப் பழக்கும் விளையாட்டு அது. மூலநிரல் திறந்திருந்தபடியால் பிறகு அது வேறு பல மொழிகளுக்கும் மாற்றப்பட்டது. ஓர் அகதிப் பிள்ளைக்காக ஆக்கியது இன்னொரு நாட்டுப் பிள்ளைக்கும் உதவிற்று.

எம்மாலும் இது முடியும். கண்டியின் ஹந்தானை மலையின் பெயரைத் தாங்கிய 'ஹந்தானா லினக்ஸ்' அதற்குச் சான்று. உலகெங்கும் உள்ளோர் கூடி ஆக்கிய 'ஃபெடோரா'வை எடுத்து, கல்வி மென்பொருள்களையும் சேர்த்து, இலங்கையர் அதை அமைத்தனர்.

எனவே யாரேனும் எமது முகாமுக்கோ குடியேற்றத்துக்கோ கற்பித்தல் மென்பொருளைக் கொண்டுவந்தால், நன்றி கூறுவதோடு நின்றுவிடாமல் கேட்போம்: இதை நாங்கள் மாற்றலாமா? இணையம் இல்லாதபோதும் இயங்குமா? நீங்கள் போன பின்பும் எங்களிடம் இருக்குமா?

மாற்றலாம் என்றால் வேலை எங்களுடையது. 'கொ'வுக்குக் கொழுந்தையும் 'மி'க்கு மிளகையும் காட்டுவோம். பாட்டிமார் குரலில் சொற்களைப் பதிவு செய்வோம். கணினி கற்ற இளைஞர் அவற்றை உள்ளே சேர்க்கட்டும். கைத்தொலைபேசி இல்லாத வீடுகளுக்கும் வழியுண்டு. 2015இல் பெங்களூரின் பிரதம் புக்ஸ் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்க் கதைகள் திறந்த உரிமத்துடன் உள்ளன, அச்சிட்டுக் கொடுக்கலாம்.

எந்தக் கருவியும் ஆசிரியருக்கு ஈடாகாது. பிள்ளையின் அருகில் ஒருவர் அமரவேண்டும். இவ்விதழை வாசிக்கத் தெரிந்த ஒவ்வொருவரும், வாசிக்கத் தெரியாத ஓர் அயலவரை இந்தப் போகத்துக்குள் தேடிச் செல்வோமாக.