'சாமா' பெல்ட் போதுமா?

நம் நாட்டில் புல்லுக்கு விடுமுறை கிடையாது. குளிர்நாடுகளில் புல்வெட்டும் இயந்திரத்தைப் பல மாதம் கொட்டகையில் பூட்டி வைப்பார்கள். இங்கே மழை, வெயில், மறுபடியும் மழை. பள்ளித் திடலை இரண்டு வாரம் கவனிக்காமல் விட்டால் உருண்டு போன பந்தைத் தேட வேண்டியிருக்கும்.

என் மாமா புல்வெட்டும் குத்தகை எடுப்பவர். இரண்டு பள்ளித் திடல், ஒரு கோயில் வளாகம். உட்கார்ந்து ஓட்டும் இயந்திரம் ஒன்று, தோளில் மாட்டும் கருவிகள் மூன்று, வேலையாட்கள் இருவர். ஒரு பள்ளியில் விளையாட்டுப் போட்டிக்கு நான்கே நாள் இருக்கும்போது, இயந்திரத்தை நகர்த்தும் பெல்ட் அறுந்துவிட்டது. திடல் தயாராகவில்லை என்றால் அடுத்த ஆண்டு குத்தகை வேறு யாருக்கோ போய்விடும்.

ஹார்ட்வேர் கடைக்கு நானும் கூடப் போனேன். தவுக்கே அறுந்த பெல்ட்டை வாங்கிப் பார்த்து, ஏறக்குறைய அதே நீளத்தில் ஒன்றை எடுத்துப் போட்டார். "சாமா, சாமா" என்றார். விலையும் மலிவு. மாமா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சாமா இல்லை, தவுக்கே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். போட்டி நெருங்குகிற நேரத்தில் இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று காரில் கேட்டேன். வீடு போய்ச் சேரும்வரை மாமா சொன்னதுதான் கீழே இருக்கிறது.

பழைய பெல்ட்டை அளந்து புதியதை வாங்கக் கூடாது. ஓடி ஓடி அது நீண்டிருக்கும்; பக்கங்கள் தேய்ந்து அகலமும் குறைந்திருக்கும். இயந்திரத்தின் மாடல் எண் பெரும்பாலும் இருக்கைக்கு அடியில் ஒட்டியிருக்கும். அதை வைத்துத் தயாரிப்பாளர் கையேட்டில் பாகத்தின் எண்ணைத் தேட வேண்டும். இந்த வகை இயந்திரத்தில் பொதுவாக இரண்டு பெல்ட் உண்டு. ஒன்று சக்கரத்தை ஓட்டும், மற்றது கத்தியைச் சுழற்றும். எது வேண்டும் என்பதையும் சொல்லிக் கேட்க வேண்டும்.

பெல்ட்டின் முதுகில் அச்சிட்ட எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. 'ஏ41' என்றால் அரை அங்குல அகலம், உள்சுற்று 41 அங்குலம். '4எல்430' என்றாலும் அதே அரை அங்குலம்தான். ஆனால் அந்த எண் வெளிச்சுற்றைச் சொல்கிறது, 43.0 அங்குலம். எண் வேறாக இருந்தாலும் இரண்டும் ஒரே அளவு. அதனால் ஏ41 கிடைக்காதபோது '4எல்410' வாங்கினால், அது இரண்டு அங்குலம் குட்டை.

அளவு சரியாக அமைந்தாலும் வேலை முடியவில்லை. 'எல்' வரிசை, சின்ன மோட்டார்களின் இலேசான வேலைக்காக வந்தது. ஈரப்புல்லில் ஒரு ஆளையும் சுமந்து ஏறும் இயந்திரத்துக்கு அது தாங்காது. உள்ளே ஓடும் இழையும் முக்கியம். தயாரிப்பாளர் அராமிட் இழை கேட்டிருக்கும் இடத்தில் பாலியெஸ்டர் போட்டால், சீக்கிரம் நீண்டு வழுக்கத் தொடங்கும்.

எனக்கு உறைத்தது அடுத்த விஷயம்தான். பல இயந்திரங்களில் இந்த பெல்ட்தான் கிளட்ச். மிதியை அழுத்தினால் பெல்ட் தளர வேண்டும், இயந்திரம் நிற்க வேண்டும். "பெல்ட்டுன்னா பிடிக்கணும்னு எல்லாருக்கும் தெரியும்மா. விடவும் தெரியணும்," என்றார் மாமா. பெல்ட் குட்டையாக இருந்தாலோ, உறை கப்பியோடு ஒட்டிக்கொள்ளும் ரகமாக இருந்தாலோ, மிதியை அழுத்திய பிறகும் வண்டி மெல்ல நகரும். பிள்ளைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் திடலில் அந்த இரண்டடி நகர்வு சின்ன விஷயம் இல்லை.

புது பெல்ட் கைக்கு வந்ததும் மாட்டிவிடாமல் முதலில் கப்பிகளைப் பார்க்க வேண்டும். பெல்ட் பிடிப்பது பக்கச் சுவரில். பள்ளத்தின் அடிப்பகுதி பளபளவென்று இருந்தால், பெல்ட் கீழே இறங்கி வழுக்கியிருக்கிறது என்று பொருள். கப்பியைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரத்தாலோ ஆடினாலோ பேரிங் போய்விட்டது. அதை மாற்றாமல் எத்தனை பெல்ட் போட்டாலும் அறுந்துகொண்டேதான் இருக்கும்.

கழற்றும் முன் சாவியை எடுத்துவிட்டு, ஸ்பார்க் பிளக் வயரையும் பிரித்து வையுங்கள். பெல்ட் போகும் பாதையைத் திறன்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்குரூடிரைவரால் நெம்பி மாட்டினால் உள்ளே இழை அறுந்துவிடும்; வெளியே தெரியாது. மாட்டியதும் கத்தியைச் சுழற்றாமல், ஆளில்லாத சமதரையில் ஓட்டி, மிதியை அழுத்தினால் வண்டி நிற்கிறதா என்று பார்த்த பிறகே வேலைக்கு இறங்க வேண்டும்.

சரியான பெல்ட் வர ஒரு நாள் ஆனது. அந்த ஒரு நாளும் மூவருமாகத் தோள் கருவிகளோடு வேலியோரத்தையும் சாக்கடையோரத்தையும் வெட்டினார்கள். மறுநாள் இயந்திரம் திடலில் இறங்கியது. போட்டிக்கு முந்தின மாலை ஆசிரியர்கள் வெள்ளைக்கோடு போட்டபோது புல் ஒரே மட்டத்தில் இருந்தது.

உங்கள் வீட்டில் புல்வெட்டும் வண்டி இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஸ்கூட்டரிலும், பல வீடுகளின் சலவை இயந்திரத்திலும் பெல்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இந்த வாரக் கடைசியில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, அவற்றின் மாடல் எண்ணைப் படம் எடுத்துக் குடும்பப் புலனக் குழுவில் போட்டு வையுங்கள். அடுத்த முறை யாராவது "சாமா" என்றால், காட்ட உங்கள் கையில் ஓர் எண் இருக்கும்.