கத்தரிப்பூவை உலுக்கும் தேனீ

துளசி பூத்திருந்தால் பக்கத்தில் போய்க் கொஞ்சம் நில்லுங்கள். வயிற்றில் பளபளக்கும் நீலப் பட்டைகளோடு ஒரு தேனீ 'விர்'ரென்று பூவுக்குப் பூ பாயும். நீலப்பட்டைத் தேனீ. அறிவியல் பெயர் அமெகில்லா சோனேட்டா. அடை கட்டாது, கூட்டம் சேர்க்காது. நமக்குச் சொட்டுத் தேன்கூடத் தராது.

அப்புறம் என்ன பிரயோஜனம் என்கிறீர்களா? கத்தரிப்பூவில் மகரந்தம் உப்பு டப்பாவில் இருப்பதுபோல உள்ளே அடைந்திருக்கும். நுனித் துளை வழியாகத்தான் வெளியே வர வேண்டும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு அதை உலுக்கத் தெரியாது. இது பூவைக் கட்டிப்பிடித்து, சிறகை விரிக்காமலே பறக்கும் தசைகளை அதிரவிடும். மகரந்தம் பொலபொலவென்று கொட்டிவிடும். இதன் ஆஸ்திரேலிய உறவுக்காரத் தேனீ நொடிக்குச் சுமார் 350 தடவை பூவில் தலையை மோதுகிறது. தலைவலி வராதோ என்னவோ!

பெண் தேனீ மண்தரையிலோ மண்சுவரிலோ தனியாளாக வளை தோண்டும். அறைக்கு ஒரு முட்டை, கூடவே மகரந்தமும் மதுவும் கலந்த சாப்பாடு. ஆணுக்கு வீடே இல்லை. ராத்திரி ஒரு குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டே தூங்கிவிடும். அதற்குக் கொடுக்கும் கிடையாது. பெண்ணும் சீண்டாமல் கொட்டாது.

மண்சுவர் போய்விட்டது. முற்றம், கொல்லை எல்லாம் சிமென்ட், டைல்ஸ். இது எங்கேதான் முட்டையிடும்? வெயில் படும் மூலையில் இரண்டடி மண்ணையாவது கொத்தாமல், மூடாமல் விடுங்கள். அங்கே சின்னத் துளைகள் தெரிந்தால் எறும்புப் பொடியைத் தூவிவிடாதீர்கள். யார் வந்து போகிறார்கள் என்று முதலில் பாருங்கள்.